உன் கம்பெனி பூட்டி வைத்திருக்கும் அந்த இரண்டு பக்கம்

தம்பி, இன்று காலை கடையைத் திறந்து ஆறு கொம்பியூட்டரையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, வயர்களைக் கழற்றி, ஏன் நிறுத்தினேன் என்று மூன்று மொழியிலும் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டு, எவரும் இதுவரை ஒரு பென் டிரைவ்கூடக் குத்தியிராத என் பழைய லப்டொப்பில் இந்தக் கடிதத்தை ஊருக்கே தெரிய எழுதத் தொடங்கிவிட்டேன்.

வீட்டுக் கதையை வலைப்பதிவில் போடுகிறாளே என்று நீ பல்லைக் கடிப்பாய். வேறு வழி வைக்கவில்லையே நீ. கோபித்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டுக்குப் போய் ஒன்பது நாளாகிறது. போனை எடுக்கிறாயில்லை. மாமியிடம் கேட்டால், "அவன் சாப்பிடுறான், படுக்கிறான், என்னட்ட வேற ஒண்டும் கேக்காதீங்கோ" என்கிறா. ஆனால் என் பதிவின் அடியில் வந்துபோகிறவர்களை எண்ணுகிற ஒரு கவுண்டர் வைத்திருக்கிறேன், நீதான் பொருத்தித் தந்தாய். உன் ஒஃபிஸிலிருந்து ஒருவர் தினமும் மத்தியானம் வந்து வாசித்துவிட்டுப் போகிறார் என்று அது சொல்கிறது. அந்த ஒருவர் யாரென்று கண்டுபிடிக்க எனக்கு எந்தக் கம்பெனியின் சாமானும் தேவையில்லை. அதனால் நீ வருகிற இடத்துக்கே வந்து கதைக்கிறேன்.

முதன்முறை இங்கே வருகிறவர்களுக்காக நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் சின்னக் கொமினிகேஷன் நடத்துகிறேன். வெளிநாட்டுக் கோல், போட்டோக் கொப்பி, ஆறு கொம்பியூட்டர், அவ்வளவுதான். என் மனுசன் கப்பலில் வேலை, வருடத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில் நிற்பார். என் ஒரே மகன், கம்பெனிகளின் கொம்பியூட்டர்களுக்குள் புகுகிற வைரஸ்களைப் பிடித்துத் துடைக்கிற ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறான். அதன் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இது சண்டையாகிவிடும். எனக்கு வேண்டியது சண்டை அல்ல. இனி நான் சொல்லப்போகிற சாந்தியக்காவின் உண்மைப் பெயரும் அதுவல்ல. அவவின் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன்.

தம்பி, உனக்கு நினைவிருக்கும், நான் கொம்பியூட்டர் படித்தது எந்த வகுப்பிலும் இல்லை. கடை தொடங்கிய புதிதில் இரண்டாம் நம்பர் மெஷின் தானாக நின்று நின்று எழும்பும். திருத்த வந்த பெடியன், "அன்ரி, இது வைரஸ், புதுசு வாங்குங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்று மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரம், திரையில் வந்த அந்த எழுத்துகளை அப்படியே தேடுபொறியில் அடித்தேன். எங்கோ பனி கொட்டுகிற நாட்டில் வைரஸ் துடைக்கிற கம்பெனிக்காரன் ஒருவன் அதே எழுத்துகளைப் பற்றி முதல்நாள் தன் வலைப்பதிவில் எழுதி வைத்திருந்தான். நேற்று இது எங்கள் கைக்கு வந்தது, இப்படி நுழைகிறது, இதைத் திறந்து அதை அழியுங்கள் என்று. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்து வாசித்து அழித்தேன். மெஷின் சுகமாகிவிட்டது. காசு கேட்காமல், நான் யாரென்றே தெரியாமல், ஒரு மனிதன் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. சினிமாக்காரரின் படத்தைச் சுவரில் ஒட்டுகிறவர்கள் மாதிரி, அந்த எழுத்துக்காரர்கள் ஒவ்வொருவரின் பெயரும் எனக்குப் பாடம். யார் படம் போட்டு விளக்குவார், யார் பகிடி விடுவார், யார் அவசரக்காரர், எல்லாம் தெரியும்.

"மற்ற அம்மாமார் சீரியல் பாக்கினம். நீங்க வைரஸ் பாக்கிறீங்க," என்பாய்.

"சீரியலில அழுகை மட்டும்தான். இதில ஆள் பிடிபடுவான்," என்பேன் நான்.

அவர்களில் ஒருவரிடம் எனக்கு மிகப் பிடித்தது எது தெரியுமா? ஒருநாள் தான் எழுதிய வரி ஒன்றின் மேல் கோடு கிழித்து, நேற்று இப்படி எழுதினேன், அது பிழை, ஒரு வாசகர் காட்டித் தந்தார், சரி இதுதான் என்று அடியில் எழுதியிருந்தார். தான் பிழைவிட்டதை இவ்வளவு வெளிச்சத்தில் ஒரு கம்பெனி சொன்னதை நான் வாழ்க்கையில் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவர் எழுதிய எல்லாவற்றையும் நம்பினேன். பிறகு ஒருமுறை என் உடைந்த இங்கிலிஷில் நானே ஒரு பின்னூட்டம் போட்டேன், எங்கள் கடைப்பக்கம் இது கொஞ்சம் வேறு மாதிரி நடக்கிறது என்று. சாயங்காலத்துக்குள் பதில் வந்தது. அடுத்த பதிவில், கொழும்பிலிருந்து ஒரு வாசகி சொன்னபடி, என்று தொடங்கி ஒரு பந்தி. அதைப் பிரிண்ட் எடுத்து போட்டோக் கொப்பி மெஷினுக்கு மேலே ஒட்டினேன். நீ அப்போது படித்துக்கொண்டிருந்தாய். நீ இந்த வேலைக்குப் போனதற்கு அந்தக் கடதாசியும் ஒரு காரணம் என்று நான் எனக்குள் பெருமைப்பட்டுக்கொள்வதுண்டு.

இனி என் பிழைகள். இரண்டு.

முதலாவது. கடையைச் சுற்றியிருக்கிற லொட்ஜுகளில் தங்குகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உனக்குத் தெரியும். வீசாவுக்காகக் காத்திருக்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், ஊருக்குத் திரும்பிப் போகப் பாதை இல்லாதவர்கள். முக்கால்வாசிப் பேருக்கு ஈமெயில் என்றால் என்னவென்று தெரியாது. நான்தான் கணக்குத் திறந்து கொடுப்பேன். பாஸ்வேர்ட் வைக்கச் சொன்னால் மகனின் பெயரை வைப்பார்கள், அடுத்த நாள் எந்த மகன் என்று மறந்துவிடுவார்கள். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த ஊரில் ஒரு தமிழ்ச்சனம் தன் பெயரை மறந்தாலும் மறக்காத ஒன்று இருக்கிறது, அடையாள அட்டை இலக்கம். செக் பொயின்டில் கேட்டால் நித்திரையிலும் சொல்வார்கள். அதையே எல்லாருக்கும் பாஸ்வேர்டாக வைத்தேன். ஒருவரும் அதன் பிறகு மறக்கவில்லை. கெட்டித்தனம் என்று நினைத்தேன். ஆட்களை அடையாளம் காட்டுகிற இலக்கத்தை, ஊரே வந்து பாவிக்கிற ஆறு மெஷின்களில், பெயருக்குப் பக்கத்தில், தினமும் அடிக்கப் பழக்கியது நான்.

இரண்டாவது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கடைக்கு வந்தாய். மூன்றாம் நம்பரில் உன் பென் டிரைவைக் குத்தினாய். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உன் முகம் மாறியது.

"அம்மா, இந்த மெஷின்ல உங்கட பாஸ்வேர்ட் ஒண்டையும் அடிக்காதீங்கோ."

"ஏனடா?"

"கேக்காதீங்கோ. அடிக்காதீங்கோ எண்டாச் சரி."

"மற்ற அஞ்சிலயும்?"

"எல்லாத்திலயும். நான் அடுத்த கிழமை வந்து கிளீன் பண்ணித் தாறன்."

நீ வரவில்லை. வேலை கூடிவிட்டது என்றாய். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், கேள். என் பாஸ்வேர்டை நான் அடிக்கவில்லை. மற்றவர்களை அடிக்க விட்டேன். ஏனென்று தெரியாததால் அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, அது உண்மை. அரைகுறையாய்ச் சொன்னால் சனம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்று பயந்தேன், அதுவும் உண்மை. நீ உன் அம்மாவை மட்டும் காப்பாற்றினாய், நான் என்னை மட்டும் காப்பாற்றினேன். மற்றவர்கள் என் கண்முன்னே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சாந்தியக்கா அவர்களில் ஒருவர். கடையிலிருந்து நாலு வாசல் தள்ளியிருக்கிற லொட்ஜில் எட்டு மாதமாக இருக்கிறா, கனடாவிலிருந்து மகள் எடுப்பிக்கிற வீசாவுக்காக. மகள் எப்போதும் இங்கிலிஷ் எழுத்தில் தமிழ் எழுதுவாள். சாந்தியக்கா அதை எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசிப்பா. பேரன் பல் விழுந்த கதை எல்லாம் கடை முழுக்கக் கேட்கும். நீ வந்துபோய் இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மகளின் பெயரில் முழு இங்கிலிஷில் ஒரு மெயில் வந்தது.

"பிள்ளை, இதில என்ன எழுதியிருக்கு? என்ட மகள் இங்கிலிசில எழுதமாட்டாளே," என்றா.

நான் வாசித்தேன். வீசா அலுவலில் அவசரமாக ஒரு சரிபார்ப்பு, பம்பலப்பிட்டியில் ஓர் இடத்துக்கு பாஸ்போர்ட்டையும் அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள், ஏஜென்சிக்காரர் ஒருவர் நிற்பார் என்று இருந்தது. வீசா ஃபைல் நம்பர் சரி, பேரனின் பெயர் சரி. நான் என்ன சொன்னேன் தெரியுமா, தம்பி?

"ஒஃபிசில இருந்து அவசரத்தில அடிச்சிருப்பா அக்கா. கெதியாப் போட்டு வாங்கோ."

அவவுக்கு வந்த சந்தேகத்தை நான் என் வாயால் துடைத்துவிட்டேன். அனுப்பிய முகவரியில் ஓர் எழுத்துக் கூடுதலாக இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். வைரஸ்காரரின் பதிவெல்லாம் பாடமாக்கிய நான்.

பம்பலப்பிட்டியில் அந்த ஏஜென்சி ஆள் வாட்டசாட்டமாக, ஃபைலோடு நின்றானாம். இவ தயங்கியதும், இவவின் அடையாள அட்டை இலக்கத்தை ஒரு கடதாசியும் பாராமல் சொன்னானாம். "அதுக்குப் பிறகு நான் என்னெண்டு பிள்ளை நம்பாமல் இருக்கிறது? அரசாங்கத்து ஆள் எண்டெல்லோ நினைச்சன்," என்றா என்னிடம். இரண்டையும் வாங்கிக்கொண்டு, இருங்கள் முத்திரை குத்திக்கொண்டு வருகிறேன் என்று ஒரு கட்டிடத்துக்குள் போனவன் வெளியில் வரவேயில்லை. அட்டை இல்லாமல் காலி வீதி செக் பொயின்டைத் தாண்ட முடியாது. பஸ்ஸில் ஏற முடியாது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரயில் தண்டவாளத்தோடு, கடல் அடிக்கிற பக்கமாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருக்கிறா. கடைவாசலில் வந்து நின்றபோது காலில் இரத்தம். அவ அழவில்லை. "பிள்ளை, நான் இப்ப ஆர்?" என்று மட்டும் கேட்டா.

அதற்குப் பிறகு அவ லொட்ஜ் அறையை விட்டு இறங்கவில்லை. நான்தான் சாப்பாடு கொண்டுபோகிறேன். வான் ஒன்று ஒழுங்கைக்குள் மெதுவாகத் திரும்பினால், ஆள் பிடிக்க வருகிறதோ என்று லைற்றை நிறுத்திவிடுகிறா. பாஸ்போர்ட் போனது பெரிய கவலைதான், ஆனால் அட்டை வேறு மாதிரி. இந்த நகரத்தில் எங்கோ ஒரு சாவடியில் வேறு யாரோ அவவாக நிற்கலாம். நாளைக்கு ஏதும் நடந்தால், நடந்த இடத்தில் அவவின் பெயர் கிடக்கும். தொலைத்துவிட்டேன் என்று பொலிஸில் போய்ச் சொல்லலாமே என்று வெளிநாட்டிலிருந்து வாசிக்கிறவர்கள் கேட்பீர்கள். லொட்ஜ் மனேஜர் அதற்குப் பதில் சொன்னார். "சொன்னா, கார்ட ஆருக்குக் குடுத்தனீ எண்டுதான் முதல் கேள்வி வரும். ஏமாத்திப் போட்டினம் எண்டா, ஏமாத்தினதுக்கு என்ன அத்தாட்சி எண்டு ரெண்டாவது கேள்வி. கையில ஒரு கடதாசி இல்லாமல் போகாதீங்கோ." வருகிற வெள்ளிக்கிழமை லொட்ஜ்காரர் அங்கே தங்கியிருக்கிற எல்லாருடைய பதிவையும் பொலிஸ் ஸ்டேஷனில் புதுப்பிக்க வேண்டும். அட்டையோடு. அதற்கு மேல் தள்ள முடியாது என்கிறார் அவர். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

அந்தக் கடதாசி இருக்கிறது, தம்பி. உன்னிடம் அழுதுகொண்டு வந்த அன்று நீ உன் லப்டொப்பில் எனக்குக் காட்டினாய். இரண்டு பக்கம். இந்தப் புரோகிராம் பென் டிரைவில் வருகிறது, அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் எடுத்து வெளியில் அனுப்புகிறது, கொமினிகேஷன் கடைகளில் பரவுகிறது, இப்படி அழிக்கலாம், முதலில் கண்டது இந்த நாள். அந்த நாள் சாந்தியக்காவுக்கு மெயில் வந்த நாளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் முந்தியது. மேலே சிவப்பில், வாடிக்கையாளருக்கு மட்டும்.

"இதைப் பிரிண்ட் எடுத்துத் தா."

"ஏலாது அம்மா. வெளியில குடுக்கமாட்டன் எண்டு சைன் வச்சிருக்கிறன். என்ட வேலை போயிரும்."

"அவவுக்குப் போகப்போறது வேலை இல்லத் தம்பி."

"நீங்க உங்கட ப்ளொக் ஹீரோமாரை நினைச்சுக்கொண்டு கதைக்கிறீங்க. இது கொழும்பு. இங்க எழுதினவனைத்தான் முதல்ல தேடுவாங்கள்."

அதோடு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். களவாக எடுத்துத் தா என்று கேட்டது என் பிழை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இப்போது நான் கேட்பது அதுவல்ல. உன் கம்பெனி அதைத் தானே, தன் பெயரோடு, தன் வலைப்பதிவில் போட வேண்டும் என்று கேட்கிறேன். அப்படி ஒரு வலைப்பதிவு இல்லை என்றால் இன்றைக்கே தொடங்க வேண்டும் என்று கேட்கிறேன்.

நீ அறியாத ஒன்று, நான் போன புதன்கிழமை உன் பொஸ்ஸைப் போய்ப் பார்த்தேன். நீ அன்று வெளி வேலையில் இருந்தாய். மரியாதையான மனிதர். தேத்தண்ணி தந்தார்.

"அன்ரி, நாங்க நியூஸ்பேப்பர் இல்ல. எங்கட கஸ்டமர்ஸுக்கு சொல்லியாச்சு, அவைக்கு மருந்தும் குடுத்தாச்சு. மற்றவைக்கு நாங்க பொறுப்பில்லைத்தானே."

"சரி மகன். என்ட கடை உங்கட கஸ்டமர் இல்லை. ஆனா உங்கட கஸ்டமர்ட ஒஃபிஸ் கிளார்க் பிள்ளை மத்தியானம் என்ட கடைக்குத்தான் வந்து பென் டிரைவ் குத்திறா, ஒஃபிஸ் பிரிண்டர் பழுது எண்டு. பின்னேரம் அதே பென் டிரைவ் உங்கட கஸ்டமர்ட மெஷினுக்குள்ள போகுது."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "நாங்க எழுதினா அந்தக் கள்ளனும் வாசிப்பான். மாத்திப் போடுவான்," என்றார். அது நல்ல கேள்வி, தம்பி, நான் வழி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கள்ளனுக்கு எல்லாம் முன்பே தெரியும். அவனிடமிருந்து மறைக்க ஒன்றும் இல்லை. தெரியாதவள் சாந்தியக்காதான். அவன் தன் புரோகிராமை மாற்றினால் மாற்றட்டும், அந்தக் கிழமையாவது அவனுக்கு வேலை கெடும். அதைவிட, எதை எழுதுவது என்று தெரிவு செய்கிறவர்கள் நீங்கள்தானே. எப்படிச் செய்தான் என்று சமையல் குறிப்பு மாதிரி எழுதத் தேவையில்லை. வந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, உடனே எதை நிறுத்துவது, எப்படித் துடைப்பது, ஏமாந்தவர்களின் பெயரை விட்டுவிடுவது. என் பனிநாட்டுக்காரர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். பொஸ் கடைசியில், "போர்டில கதைக்க வேணும் அன்ரி" என்றார். போர்ட் எப்போது கூடும் என்று கேட்டேன். அடுத்த மாதம்.

கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்கிற வரிசை வீடுகளில் நாங்கள் இருந்த காலம் உனக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும், உனக்கு நாலு வயது. பதினொரு வீட்டுக்கு ஒரு பைப். ஒரு கிழமை அந்தத் தண்ணீரில் ஏதோ கலந்துவிட்டது. ஐந்தாம் வீட்டு மனிதருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. தன் வீட்டில் கொதிக்கவைக்கச் சொன்னார், வாயை மூடிக்கொண்டார், சொன்னால் தோட்டத்தில் கலவரம் வரும் என்று. உன்னோடு சேர்த்து ஏழு பிள்ளைகள் படுக்கையில். நீ தேறுவதற்கு இருபது நாள் சென்றது. உன் அப்பா அவரிடம் போய்ச் சண்டை பிடித்தபோது அவர் சொன்ன பதில் இன்றும் என் காதில் நிற்கிறது. "நீங்க கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே." தெரியாத ஒன்றை யார் எப்படிக் கேட்பது? அந்த மனிதர் கெட்டவர் இல்லை. கோயில் பெருநாளுக்குப் பந்தல் போடுகிறவர். பயந்த மனிதர், அவ்வளவுதான். உன் பொஸ்ஸும் அப்படித்தான் எனக்குப் பட்டார்.

அன்று திரும்பி வந்ததும் நான் தெரிந்த கொமினிகேஷன்காரருக்கெல்லாம் கோல் எடுத்தேன். கிராண்ட்பாஸில் ஃபாரூக் நானா, பேப்பர் மொத்தமாக வாங்குகிற இடத்தில் பழக்கம், உனக்கும் தெரியும். என் மெஷின்களில் போல ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் முளைத்திருக்கிறதா, அமத்தினால் ஒன்றும் நடக்காமல் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒங்கட கடையிலயும் ஈக்கா தங்கச்சி? நான் மூணு தரம் வின்டோஸ் போட்டுட்டன். ஆரோ எனக்கு சூனியம் வெச்சீக்கின்னுதான் நெனச்சன்."

"சூனியக்காரனுக்கு இவ்வளவு கொம்பியூட்டர் தெரியாது நானா."

சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. அவரிடம் வந்த ஒரு வாடிக்கையாளருக்கும் இப்படி ஒரு மெயில் வந்ததாம். அவர் போனாரா என்று கேட்டேன். "தெரியல்ல தங்கச்சி. அதுக்குப் பொறகு அவர் கடைக்கு வரல்ல," என்றார்.

யோசித்துப் பார், தம்பி. பென் டிரைவைக் குத்தும்போது ஷிஃப்ட் விசையை அமத்திப் பிடித்தால் அது தானாக ஏறாது என்று ஃபாரூக் நானா தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். என்னிடம் அந்த மெயில் இருந்தது. உன் கம்பெனியிடம் அது எங்கே அனுப்புகிறது, எப்படி அழிப்பது என்பது இருந்தது. ஒரு மாதமாக மூன்று பேரும் மூன்று துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் அறியாமல் இருந்திருக்கிறோம். நீங்கள் முதல் நாளே நாலு வரி எழுதிப் போட்டிருந்தால், அதற்கு அடியில் நானா ஒரு பின்னூட்டம் போட்டிருப்பார், நான் ஒன்று போட்டிருப்பேன், நீங்கள் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்ததைவிடக் கூட உங்களுக்கே தெரிய வந்திருக்கும். வைரஸ் கம்பெனிக்காரர்கள் வலைப்பதிவு எழுத வேண்டும் என்று நான் சொல்வது தருமத்துக்காக மட்டும் இல்லை. நோய் தெருவில் இருக்கிறது. தெருவோடு கதைக்காத வைத்தியனுக்கு நோய் பற்றிப் பாதிதான் தெரியும்.

எழுதினவனைத்தான் முதலில் தேடுவார்கள் என்றாயே, அதைப் பகிடியாக நான் எடுக்கவில்லை. இந்த நாட்களில் எங்கள் எல்லாருக்கும் வாயை மூடிக்கொண்டிருப்பதே சட்டை மாதிரி உடம்போடு ஒட்டிப்போய்விட்டது. இப்போதே மூன்று பேர் கதவில் ஒட்டியதை வாசித்துவிட்டுப் போய்விட்டார்கள், நாலாவது ஆள் வாசித்துவிட்டு அதைத் தன் போனில் படம் எடுத்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கவனித்தேன். நாங்கள் ஒன்றும் சொல்லாததால் தெரு அமைதியாக இருக்கவில்லை. மெயில் திறந்தாலே ஆமி வருமாம் என்று ஒரு கதை, கொமினிகேஷன்காரி காட்டிக்கொடுக்கிறாளாம் என்று ஒரு கதை. ஆம், என்னைத்தான். உண்மையை வைத்திருக்கிறவர்கள் பேசாவிட்டால் அந்த இடத்தைப் பொய் வாடகைக்கு எடுத்துக்கொள்ளும்.

ஒரு தாய் எழுதுகிற கடிதம் ஸ்டேஷனில் ஒரு கடிதமாகக்கூட எண்ணப்படாது, அது எனக்குத் தெரியும். மேலே கம்பெனியின் பெயர், அடியில் நாள், இங்கிலிஷிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கம், எவரும் எங்கிருந்தும் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தால், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் அதை வாசிப்பார். இந்த மனுசி அட்டையை விரும்பிக் கொடுக்கவில்லை, அவவிடமிருந்து ஏமாற்றி எடுத்திருக்கிறார்கள், இதேபோல் மற்றவர்களிடமும் எடுக்கிறார்கள் என்று அவருக்கும் விளங்கும். அவருக்கும் அது தேவையான செய்திதான். அந்த அட்டைகளை வைத்துக்கொண்டு எவனோ என்னவோ செய்யப்போகிறான், அது தமிழனுக்கு மட்டும் நடக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

நீ உன் பெயரைப் போட வேண்டாம். நாளைக் காலைக் கூட்டத்தில் எழும்பி நின்று, இதை வெளியில் விடுவோமா என்று ஒரு முறை சத்தமாகக் கேள். அவ்வளவு போதும். உன் பொஸ்ஸுக்குத் துணையாக யாராவது முதலில் வாயைத் திறக்க வேண்டும், அவர் அதற்குத்தான் காத்திருக்கிறார் என்று எனக்கு ஒரு நினைப்பு. அது பிழையாகவும் இருக்கலாம். வேலை போனால் போகட்டும் என்று நான் சொல்லமாட்டேன், உன் சம்பளம் இல்லாமல் இந்த வீடு எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும், கடையையும் மூடிவிட்டேன். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

மற்றவர்களே, உங்களிடமும் கேட்கிறேன். கொமினிகேஷன் வைத்திருக்கிறவர்கள், ஃபோல்டருக்குள் ஃபோல்டர் முளைத்திருந்தால் மெஷினை நிறுத்துங்கள், ஆட்களுக்குக் காரணத்தைச் சொல்லி நிறுத்துங்கள். அடையாள அட்டை இலக்கத்தைப் பாஸ்வேர்டாக வைத்திருக்கிறவர்கள், வீட்டில் சுத்தமான மெஷின் ஒன்றிலிருந்து மாற்றுங்கள். வெளிநாட்டிலிருக்கிற பிள்ளைகளே, அம்மா அப்பாவுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள், நான் எங்கேயும் வரச்சொல்லி மெயில் போடமாட்டேன் என்று. இப்படி ஒரு மெயில் உங்களுக்கு வந்திருந்தால் கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள், பெயர் வேண்டாம், எந்தப் பகுதி, எந்தக் கிழமை என்பது மட்டும் போதும். இந்தப் பக்கத்தை உங்கள் பதிவில் இணைத்துவிடுங்கள், பிரிண்ட் எடுத்துக் கடைக்குக் கடை கொடுங்கள். வைரஸ் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் யாரும் வாசித்தால், இதைக் கண்டிருந்தால், உங்கள் நிறுவனத்தின் பெயரோடு நாலு வரி எழுதி வெளியிடுங்கள். ஒரு நிறுவனம் போதும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு சாந்தியக்காவோடு நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். அவ தனியாகப் போகமாட்டா. ஏழு மணிக்கு இந்தப் பக்கத்தைத் திறந்து, அதுவரைக்கும் இதற்கு அடியில் என்னென்ன வந்திருக்கிறதோ அத்தனையையும் பிரிண்ட் எடுப்பேன். அதைத் தவிர எங்கள் இருவர் கையிலும் வேறு கடதாசி இருக்காது. தம்பி, நீ வாசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். எழுது.